வீடில்லாதவருக்கு உதவித்தொகை: எந்தக் காகிதத்திலிருந்து தொடங்குவது

முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டால் ரேஷன் கார்டு எங்கே என்பார்கள். ரேஷன் கார்டு கேட்டால் ஆதார் எங்கே என்பார்கள். ஆதார் எடுக்கப் போனால் முகவரிச் சான்று கொண்டுவா என்பார்கள். கேட்கப்படுகிறவரோ பேருந்து நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் படுப்பவர். தமிழ்நாட்டில் தெருவில் வாழ்பவர்களுக்கு அரசுப் பணம் போய்ச் சேராததற்குத் தகுதி ஒரு தடையாக இருப்பது குறைவு. காகிதங்களைத் தவறான வரிசையில் கேட்டு அலைவதுதான் பெரிய தடை. இன்னொரு காகிதத்தைக் கேட்காத காகிதம் எதுவோ அதிலிருந்து தொடங்கினால் மீதி ஒவ்வொன்றாக வரும்.

இந்த வழிகாட்டி, தெருவில் இருப்பவருக்குத் துணையாகப் போகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. தனியாகப் போகிறவருக்கும் படிகள் இவைதான். ஆனால் கூட ஒருவர் போனால் கவுண்டரில் கிடைக்கும் பதில் வேறாக இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முதலில் உயிர், பிறகு காகிதம்

மயங்கிக் கிடப்பவர், அடிபட்டவர், ரத்தம் வருபவர், பிரசவ வலியில் இருப்பவர் என யாராக இருந்தாலும் 108. அடையாள அட்டை கேட்கக் கூடாது, கேட்பதும் இல்லை. அரசு மருத்துவமனையில் பெயர் தெரியாவிட்டால் 'பெயர் தெரியாதவர்' என்று பதிந்து சிகிச்சை தொடங்குவார்கள். சாலை விபத்து என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் குறிப்பிட்ட தொகை வரை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வேறு மாநிலத்தவருக்கும் உண்டு. விபத்துப் பதிவேட்டில் ஏறிய ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க அது இல்லாமல் முடியாது.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையே என்று பலர் மருத்துவமனைக்கே போகாமல் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் பார்க்க அந்த அட்டை தேவையே இல்லை. தனியார் மருத்துவமனையிலும் குறிப்பிட்ட பெரிய சிகிச்சைகளுக்கும்தான் அது வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது டிஸ்சார்ஜ் ஆகும் நாளில். காலில் கட்டோடு ஒருவரைச் சாயங்காலம் வெளியே அனுப்பிவிட்டால் இரண்டே நாளில் புண் அழுகித் திரும்பி வருவார். அதனால் டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்த்து, "இவருக்குப் போக இடமில்லை, காப்பகத்துக்கு எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பெயர், வயது, தேதி சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தெருவில் இருப்பவரிடம் அரசு முத்திரையோடு இருக்கும் முதல் காகிதம் பல நேரங்களில் அதுதான்.

மற்ற அவசரங்களுக்கு: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, காவல்துறைக்கு 112. வன்முறைக்கு ஆளான பெண் என்றால் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். சிகிச்சை, காவல்துறை உதவி, சட்ட உதவி மூன்றும் அங்கேயே கிடைக்கும்.

மனநலம் பாதித்தவர் தெருவில் இருந்தால்

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது, நடைமுறை தடுமாறுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, தன் எல்லைக்குள் சுற்றித் திரியும் மனநலம் பாதித்தவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டியது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்ற முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். அதே சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, பி.பி.எல். (வறுமைக்கோட்டுக்குக் கீழ்) அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆதரவற்றவர், வீடற்றவர் எல்லோருக்கும் அரசு மனநலச் சிகிச்சை முழுக்க இலவசம்.

"நாங்க என்ன பண்றது, ஆஸ்பத்திரியில எடுக்க மாட்டேங்கிறாங்க" என்ற பதில் ஸ்டேஷனில் வரலாம். வாய்ப்பேச்சாக விடாமல், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்து மனு ரசீது (சி.எஸ்.ஆர்.) வாங்கிவிட்டால் வேலை நகரும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. பல மாவட்டங்களில் தெருவில் மீட்கப்படும் மனநலம் பாதித்தவர்களுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இயங்குகின்றன. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்பதை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். தொலைபேசி ஆலோசனைக்கு 14416.

இவர்களிடம் ஆதார், வங்கி என்று அவசரப்பட வேண்டாம். மருந்து பிடித்து, பெயரும் ஊரும் அவரே சொல்லும் நிலை வந்த பிறகு தொடங்கினால் போதும். தவறான பெயரில் எடுத்த ஆதாரைத் திருத்துவது புதிதாக எடுப்பதைவிடக் கடினம்.

காப்பகம்: படுக்கையோடு ஒரு முகவரியும்

2010-ல் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அது ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று சொன்னது. அதன் பிறகு நகராட்சிகளும் மாநகராட்சிகளும் வீடற்றோர் காப்பகங்களை நடத்துகின்றன. பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனம் பொறுப்பில் இருக்கும். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், முதியோர், மனநலம் பாதித்தவர், அரசு மருத்துவமனை நோயாளிகளின் உடனிருப்போர் என்று தனித்தனியாக இருப்பதால், எந்தக் காப்பகத்தில் யாரைச் சேர்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். குடும்பமாக இருப்பவர்களுக்கான இடங்கள் மிகக் குறைவு. கணவனை ஓரிடத்திலும் மனைவியையும் பிள்ளைகளையும் வேறிடத்திலும் பிரிப்பார்கள் என்பதால்தான் பல குடும்பங்கள் வர மறுக்கின்றன. அந்த மறுப்பு நியாயமானது. யாரையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

சென்னையில் 1913-ஐ அழைத்து இடம், அடையாளம், ஆணா பெண்ணா, நடக்க முடியுமா என்று சொன்னால் காப்பகத்துக்குத் தகவல் போகும். மற்ற ஊர்களில் நகராட்சி அலுவலகத்தின் சமுதாய அமைப்பாளரைக் கேளுங்கள். உள்ளே சேர அடையாள அட்டை நிபந்தனை இல்லை. 'ஆதார் இல்லாமல் எடுக்க மாட்டோம்' என்று சொன்னால் நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள்.

காப்பகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், வயது, தந்தை பெயர், சேர்ந்த தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, 'இவர் இந்தத் தேதி முதல் இங்கே தங்கியிருக்கிறார்' என்று லெட்டர்பேடில் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். ஆதாருக்குத் தனிப் படிவம் உண்டு. அதைக் கீழே சொல்கிறோம். ஆனால் பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம் எல்லாவற்றிலும் இந்தக் கடிதம் கைகொடுக்கும்.

சமைக்க இடமில்லாதவருக்கு ரேஷன் அரிசியைவிட அம்மா உணவகம் உடனடிப் பயன். சென்னையில் 2013 முதல் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

முதல் காகிதம்: ஆதாரா, வாக்காளர் அட்டையா?

தொடங்குமுன் ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேளுங்கள்: "எப்பவாவது கண்ணுல மெஷின் வெச்சு, பத்து விரலும் வெச்சு போட்டோ எடுத்தாங்களா?" ஆமாம் என்றால் அவருக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கிறது. அட்டைதான் தொலைந்திருக்கிறது. அப்படிப்பட்டவரைப் புதிதாகப் பதிந்தால் பல வாரம் காத்திருந்த பிறகு 'நகல் பதிவு' என்று நிராகரிப்பு வரும். தெருவில் இருப்பவர்களின் ஆதார் மனுக்கள் வீணாவதற்கு இதுதான் முக்கியக் காரணம். தொலைத்தவரை ஆதார் சேவை மையத்துக்கு அழைத்துப்போய், கைரேகை அல்லது கருவிழி வைத்து எண்ணைத் தேடி அச்சிட்டு வாங்குங்கள். கட்டணம் சிறு தொகைதான். சந்தேகத்துக்கு 1947.

உண்மையிலேயே ஆதார் இல்லாதவருக்கு இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, ஆதார் ஆணையத்தின் சான்றளிப்புப் படிவம். ஆதார் சட்டத்தின் 5-வது பிரிவே நிரந்தர வசிப்பிடம் இல்லாதவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. படிவத்தை ஆணையத்தின் தளத்திலிருந்து ஏ4 தாளில் அச்சிடலாம். கெசட்டட் அதிகாரி, எம்.எல்.ஏ., மாமன்ற அல்லது நகர்மன்ற உறுப்பினர், தாசில்தார், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் போன்றவர்கள் கையெழுத்திடலாம். தகுதியுள்ளவர்கள் யார் யார் என்பது படிவத்திலேயே அச்சாகியிருக்கும். இதில் நடக்கும் தவறுகள் எல்லாம் ஒரே மாதிரியானவை:

- புகைப்படத்தின் மேல் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்தும் முத்திரையும் விழவில்லை.
- கட்டத்துக்குள் அடித்தல் திருத்தல். ஒரு எழுத்து அடித்தாலும் புதுத் தாள்தான்.
- தேதி போடவில்லை, அல்லது தேதி போட்டு மூன்று மாதம் தாண்டிவிட்டது. படிவம் 3 மாதத்துக்குத்தான் செல்லும்.
- முகவரியில் பின்கோடு விடுபட்டிருக்கிறது.
- கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் முத்திரையில் படிக்க முடியவில்லை.

கவுன்சிலரிடம் போகும்போது நிரப்பிய படிவத்தோடு, ஒட்டிய புகைப்படத்தோடு, ஸ்டாம்ப் பேடோடு போங்கள். "வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்ற தாள்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை.

18 வயதைக் கடந்தவரின் புதுப் பதிவு எல்லா மையங்களிலும் எடுக்கப்படுவதில்லை. எடுத்தாலும் மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போகும், மாதக்கணக்கில் ஆகலாம். முதல் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது தரகு. பதிவுச் சீட்டில் உள்ள எண்ணும் நேரமும்தான் பின்னர் நிலையைப் பார்க்க உதவும். சீட்டை உடனே போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள். விரல் இல்லாதவர், தேய்ந்தவர், கண் பார்வை பாதித்தவரை விதிவிலக்காகப் பதிய மென்பொருளிலேயே வசதி உண்டு. "ரேகை விழல, போங்க" என்பது பதில் ஆகாது.

வயதை முதல் தடவையே சரியாகச் சொல்லுங்கள். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற முடியும். 64 வயதுக்காரர் 54 என்று பதிந்துவிட்டால் 60 வயதில் தொடங்கும் ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி வாக்காளர் அட்டை. கதவு எண்ணைக் கேட்காமல், 'எங்கே தூங்குகிறாய்' என்று மட்டும் கேட்கும் காகிதம் இதுதான். தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலின்படி, வீடற்றவர் படிவம் 6-ல் தான் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்து, அவர் அங்கே தூங்குவதைப் பார்த்தால் போதும். வசிப்பிடச் சான்று ஆவணம் தேவையில்லை. ஆதார் இல்லை என்றால் படிவத்திலேயே 'இல்லை' என்று குறிக்க இடம் இருக்கிறது.

இடத்தை எழுதும் விதம் முக்கியம். 'பூக்கடை அருகில்' என்று எழுதினால் அலுவலர் இருட்டில் தேடிவிட்டு ஆளில்லை என்று எழுதிவிடுவார். எந்தச் சாலை, எந்தக் கட்டடத்தின் எந்தப் பக்கச் சுவர், எத்தனை மணிக்கு மேல் அங்கே இருப்பார், எந்த டீக்கடையில் கேட்டால் தெரியும் என்று எழுதி, ஒரு கோட்டுப்படமும் இணையுங்கள். நகராட்சி ஆட்கள் தூய்மைப் பணி என்று எல்லோரையும் கிளப்பிவிட்ட வாரத்தில் சரிபார்ப்பு வந்தால் மனு போச்சு. இடம் மாறினால் அலுவலருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். உதவிக்கு 1950.

இந்த அட்டை வந்துவிட்டால் அதுவே ஆதாருக்கும் வங்கிக்கும் அடையாளச் சான்றாகவும் முகவரிச் சான்றாகவும் செல்லும். காப்பகத்துக்கு வர விரும்பாதவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் வழி இதுதான். மெதுவானது, ஆனால் கௌரவமானது.

வங்கிக் கணக்கு

ஜன்தன் கணக்குக்கு இருப்புத் தொகை வேண்டாம். ஆதார் இருந்தால் அன்றே திறக்கலாம். ஆதாரே இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிகளில் 'சிறு கணக்கு' என்று ஒன்று உண்டு. ஒரு புகைப்படத்தை ஒட்டி, வங்கி அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தால் போதும். கட்டுப்பாடுகள்: ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. அரசு உதவித்தொகை வரவுக்கு இருப்பு வரம்பு பொருந்தாது. 12 மாதம் செல்லும். அதற்குள் அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னொரு 12 மாதம். கிளையில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருப்பது சகஜம். 'சிறு கணக்கு திறக்க வேண்டும்' என்று எழுத்தில் கொடுங்கள்.

பணம் வந்துவிட்டது, ஆனால் கையில் இல்லை என்ற நிலை இருக்கிறதே, அது மிகவும் எரிச்சலூட்டுவது. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் பிணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கட்டட மேஸ்திரி சம்பளத்துக்காகத் திறந்து கொடுத்த கணக்காகக்கூட அது இருக்கலாம். 'பணம் வரவில்லை' என்று தாலுகா அலுவலகத்துக்கு ஓடுமுன், ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாத கணக்கு செயலிழந்துவிடும். அடையாளம் காட்டி எழுதிக் கொடுத்தால் உயிர்ப்பிக்கலாம், இதற்குக் கட்டணம் இல்லை.

கைரேகை வைத்துப் பணம் தரும் வங்கி முகவரிடம் எடுக்கும்போது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்ற சீட்டை வாங்காமல் நகராதீர்கள். 'நூற்றுக்குப் பத்து' பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ரேகை விழவில்லை என்று இரண்டு மூன்று முறை வைக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பது பழைய வித்தை. பாஸ்புக்கை மாதம் ஒரு முறை கிளையில் பதிந்தால் பிடிபடும். ரேகை உண்மையிலேயே விழாவிட்டால் கையைக் கழுவித் துடைத்து, வேறு விரல்களை வைத்துப் பாருங்கள். அதற்கும் மேல் என்றால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும்.

எந்தப் பணம் யாருக்கு

வருவாய்த்துறை வழியாக வரும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை ஊரில் எல்லோரும் 'ஓ.ஏ.பி. பணம்' என்றுதான் சொல்வார்கள். 60 வயது தாண்டிய ஆதரவற்றோர், ஆதரவற்ற விதவைகள், 30 வயதுக்கு மேற்பட்ட கணவனால் கைவிடப்பட்ட பெண்கள், 50 வயதைக் கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்கள் இதில் வருவார்கள். 2023 ஆகஸ்டில் மாதத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே ஆண்டு ஜனவரியில் 1,500 ஆனது. மாற்றுத்திறனாளிக்கு முதலில் அரசு மருத்துவரின் சான்றும் மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். 40 சதவீத ஊனம் என்பது பொதுவான குறைந்தபட்ச அளவு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முகாம் நாளைக் கேட்டுக்கொண்டு போனால் மருத்துவர், பதிவு இரண்டும் ஒரே இடத்தில் முடியும்.

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, வெள்ள நிவாரணம், பொங்கல் தொகுப்பு எல்லாம் ரேஷன் கார்டைச் சுற்றியே ஓடுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் 6,000 ரூபாய் கொடுத்ததும் ரேஷன் கடையில்தான். தனியாளாக இருந்தாலும் கார்டுக்கு மனுப் போடுங்கள். வேறு மாநிலத்து ரேஷன் கார்டு உள்ளவர் ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் இங்குள்ள எந்தக் கடையிலும் ரேகை வைத்துத் தன் பங்கு தானியத்தை வாங்கலாம். ரேஷன் புகார்களுக்கு 1967.

அதிகம் பேர் கேட்காமல் விடும் ஒரு தொகை காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கானது. 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய், சிகிச்சை முடியும் வரை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் ஒருவரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாலே மருந்தும் இந்தத் தொகையும் சேர்ந்து தொடங்கும். கணக்கு எண்ணைக் காசநோய்ப் பிரிவில் கொடுத்துப் பதிந்தார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதிய மனு: நடைமுறை

மனு இ-சேவை மையத்தில் போடப்படும். ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம், ரேஷன் கார்டு இருந்தால் அது, விதவை என்றால் கணவரின் இறப்புச் சான்று. முதலில் ஒரு கேன் எண் (இ-சேவையில் மனுதாரருக்கான பதிவு எண்) உருவாக்குவார்கள். அதற்குக் கைபேசியில் ஓ.டி.பி. வரும். இங்கேதான் பலர் திரும்பிவிடுகிறார்கள். முகவரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். நம்பகமான ஒருவரின் எண்ணைக் கொடுங்கள், அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் எல்லாச் செய்தியும் அதற்குத்தான். ஏற்புச் சீட்டு இல்லாமல் மையத்தை விட்டு வராதீர்கள்.

மனு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அல்லது ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாக, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி தாசில்தாரிடம் போகும். அங்கே நிராகரிக்கப்படும் காரணங்களும் அதற்கான மருந்தும்:

'விலாசத்தில் ஆள் இல்லை.' ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும், மனு அந்தத் தாலுகாவுக்குப் போகும், அங்குள்ள வி.ஏ.ஓ. உண்மையைத்தான் எழுதுவார். மனுப் போடுமுன்பே ஆதார் முகவரியைக் காப்பகத்துக்கோ படுக்கும் பகுதிக்கோ மாற்றிவிடுங்கள். மேலே சொன்ன அதே சான்றளிப்புப் படிவம் இதற்கும் செல்லும்.

'மகன் இருக்கிறான்.' விசாரணையில் 'பிள்ளைங்க இருக்காங்க' என்று பெருமைக்குச் சொல்லிவிடுவார்கள். பார்ப்பதில்லை, பணம் தருவதில்லை, எத்தனை வருடமாகத் தனியாக இருக்கிறார் என்பதையும் சேர்த்து மனுவிலேயே எழுதுங்கள். வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்டிருந்தால் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். வக்கீல் வேண்டாம். ஆனால் தெருவில் இருக்கும் பலர் பிள்ளைகள் மேல் வழக்குப் போட ஒப்புவதில்லை. வற்புறுத்த வேண்டாம்.

'பெயர் பொருந்தவில்லை.' ஆதாரில் முனியம்மாள், பாஸ்புக்கில் முனியம்மா, இறப்புச் சான்றில் ஆர்.முனியம்மா. மூன்றையும் ஒன்றாக்குவதற்குள் ஆறு மாதம் போய்விடும். வங்கிக் கணக்கை ஆதார் பெயரிலேயே திறந்தால் பாதிச் சிக்கல் வராது.

ஒரு மாதத்துக்கு மேல் அசையாவிட்டால் முதலமைச்சர் உதவி மைய எண் 1100-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் மனுக் கொடுங்கள். ஏற்புச் சீட்டின் ஜெராக்ஸையும் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது புது மனுவாகிவிடும். எதனால் நிராகரித்தார்கள் என்றே தெரியாவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானமில்லாதவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு. எண் 15100.

ஆதார் எண் இன்னும் வரவில்லை, ரேகை விழவில்லை என்பதற்காக மட்டும் உதவியை மறுக்க முடியாது. ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவே எண் கிடைக்கும் வரை மாற்று அடையாளத்தை ஏற்கச் சொல்கிறது. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. மனுவில் இந்த இரண்டு வரியைச் சேர்ப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

காகிதங்களைக் காப்பாற்றுவது

மழை, திருட்டு, தூய்மைப் பணி லாரி. தெருவில் ஆவணம் தொலைவதற்கு இந்த மூன்றும் போதும். அசலைக் காப்பகத்திலோ நம்பகமான கடையிலோ வைத்துவிட்டு, ஜெராக்ஸை மட்டும் பிளாஸ்டிக் உறையில் உடம்போடு வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆதார் எண், கணக்கு எண், வங்கிக் கிளை, ஓய்வூதிய மனு எண் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதி துணைக்கு இருப்பவரிடம் இருக்கட்டும். ஏ.டி.எம். அட்டையையும் அதன் எண்ணையும் சேர்த்து யாரிடமும் கொடுக்கக் கூடாது. 'நானே எடுத்துத் தர்றேன்' என்று வரும் அன்பான தரகருக்கும் இது பொருந்தும்.

ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. தாலுகா அலுவலகம் அவ்வப்போது பயனாளிகளைச் சரிபார்க்கும். வி.ஏ.ஓ. வரும் நாளில் ஆள் இல்லை என்றால் 'இடம்பெயர்ந்தார்' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். காப்பகம் மாறினாலோ படுக்கும் இடம் மாறினாலோ தனி தாசில்தார் அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். அப்படியும் நின்றுவிட்டால் புது மனுப் போடாதீர்கள். பழைய ஓய்வூதிய எண்ணைக் குறிப்பிட்டு, 'நிறுத்தப்பட்டதை மீண்டும் வழங்கவும், நிலுவையையும் சேர்த்துத் தரவும்' என்று கேளுங்கள். புது மனுவில் நிலுவை போய்விடும்.